செஞ்சோற்றுக் கடனும் ஓவியரின் தூரிகையும்

வரலாற்று ஓவியம் பழமையைப் பதிவுசெய்யும் கலை மட்டுமன்று. நிகழ்காலத்தைக் குறிப்பாக உணர்த்தும் கலையும் ஆகும். இதற்குத் தக்க சான்று இத்தாலிய ஓவியர் ஃபிரான்செஸ்கோ ஹாயெஸ் (1791–1882).

வெனிஸ் நகரின் வறிய குடியில் பிறந்த இவர், சிற்பி கனோவாவின் ஆதரவில் உரோமில் பயின்று, பின்னர் மிலானில் குடியேறினார். அந்நகர் அன்று ஆஸ்திரியரின் ஆட்சிக்கும் தணிக்கைக்கும் உட்பட்டிருந்தது. விடுதலையை வெளிப்படையாகப் பேச இயலாத அச்சூழலில் அவர் பிறநாட்டார் துயரைத் தீட்டினார். 1819-இல் பார்கா என்னும் கிரேக்க ஊரை ஆங்கிலேயர் துருக்கியப் பேரரசின் ஆளுநர் அலி பாஷாவிடம் ஒப்படைத்தபோது, ஊரார் தம் முன்னோரின் எலும்புகளைத் தோண்டி எரித்துவிட்டுப் புலம்பெயர்ந்தனர். 1831-இல் நிறைவுற்ற ‘பார்காவின் அகதிகள்’ அப்பிரிவையே காட்டுகிறது.

எனினும், 1837-38இல் மிலான் அரண்மனையின் விதானத்தில் ஆஸ்திரியப் பேரரசர் ஃபெர்டினாண்டைப் போற்றி வரைந்தவரும் இவரே. 1850-இல் அவ்வாட்சியின் கீழேயே பிரேரா கலைக்கழகத்தில் ஓவியப் பேராசிரியரானார். செஞ்சோற்றுக் கடன் தீர்த்தவர் என்று இவரை ஒதுக்கிவிடலாமா?

1859 ஜூனில் ஆஸ்திரியர் மிலானை விட்டு நீங்கினர். செப்டம்பரில் இவரது ‘முத்தம்’ காட்சிக்கு வந்தது. ஒரு காலைப் படியில் ஊன்றி விடைபெறும் அவ்விளைஞன், நாட்டுக்காகப் புறப்படும் வீரனாகவே கொள்ளப்படுகிறான்.

அரண்மனை விதான ஓவியம் 1943-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் அழிந்தது. பார்கா ஓவியம் பிரெஷா நகரில் எஞ்சியுள்ளது. எஞ்சியதை மட்டும் கொண்டு கலைஞரைப் போற்றுதல் எளிது. அழிந்ததையும் உடன்வைத்து எடைபோடுவதே வரலாற்றாய்வின் நேர்மையாகும்.