இன்னுமொரு தடுப்பாளர் தேவையா?

உதைபந்தாட்டத்தில் 1925இல் ஓவ்சைட் விதி தளர்ந்தது, கோல்கள் பெருகின. அவற்றைத் தடுக்க ஆர்சனல் முகாமையாளர் ஹேர்பட் சப்மன், நடுக்களத்தில் நின்ற சென்ரர் ஹாவைப் பின்களத்துக்கு இறக்கினார். நடுவே காவல் நிற்பவர் யார் என்ற கேள்வி பிற்காலத்திலும் ஓயவில்லை.

2003இல் பெக்காமை வாங்கிய ரியல் மட்ரிட், மக்கலேலேயைச் செல்சிக்கு விற்றது. 2004-05 பருவத்தில் 15 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்துச் செல்சி இங்கிலாந்தின் லீக் கிண்ணத்தை வென்றது. மட்ரிட்டோ ஸ்பானிய லீக் கிண்ணத்துக்கு 2007 வரை காத்திருந்தது.

ஆகவே ஒருவர் அவசியம். இரண்டாமவர்? நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடுமீன், இளவாலை யங்ஹென்றீசியன்ஸ் என நம் கழகங்கள் ஊர்ப்பெயரால் வாழ்பவை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது, அப்பெயர்கள் அழியவில்லை. வெளியூர் வீரரைக் காசு கொடுத்து இறக்கினால் ஒரு கிண்ணம் வரலாம். வாங்கில் காத்திருக்கும் ஊர்ப் பையனோ மைதானத்தையே மறந்துவிடுவான். அவ்விடத்தை அவனுக்கே கொடுங்கள் என்பேன்.