ஆறும்போது உடையும் உலோகம்

ஆரையம்பதி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஊர். உப்புக்காற்றில் இரும்புக் கேற் கறள்பிடித்துவிடும் என்பதால், கையில் காசிருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் போகிறார்கள். அதைச் சுத்தமாக ஒட்ட டிக் வெல்டிங் வேண்டும். வெல்டிங் பிடியின் முனையில் கூர் சீவிய கம்பியொன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் எதிரே எஃகு உருகி ஓடும். கம்பி அப்படியே நிற்கும். அதுதான் டங்ஸ்டன். உருகுநிலை 3,422 பாகை செல்சியஸ். வேறெந்த உலோகமும் இந்த உயரத்துக்கு வராது.

உலகத்து டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவில் தோண்டப்படுகிறது. மதுரை மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி சூழ்ந்த நிலத்திலும் தோண்ட 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது. ஊர்கள் திரண்டு எழுந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தத் தாது இன்னும் பாறைக்குள்ளேயே இருக்கிறது.

பயணம் கிளம்பிய தாது ஒட்சைட்டாகி, ஐதரசனில் சூடேறி, சாம்பல்நிறத் தூளாகிறது. இவ்வளவு வெப்பம் தாங்குவதை வார்க்க அச்சுக்கு எங்கே போவது? தூளை அழுத்திச் சுட்டுக் கட்டியாக்கினார்கள். அது தட்டினால் உடைந்தது. 1910ஐ ஒட்டி அமெரிக்காவில் வில்லியம் கூலிட்ஜ் அதைச் சூட்டோடு அடித்தும் இழுத்தும் உள்ளிருந்த மணிகளை நீள நாராக்கினார். உடைந்தது வளையத் தொடங்கியது. மின்குமிழுக்கு இழை கிடைத்தது.

அடுத்த வேலை அணு இணைவு உலையின் உட்சுவர். பிரான்ஸில் எழும் ஈட்டர் உலையில், பிளாஸ்மா என்னும் மிகச்சூடான வாயுவின் கழிவு வந்து விழும் அடித்தட்டு ஒரு சதுர மீற்றருக்கு 10 மெகாவாட் வெப்பத்தை, சில வேளை அதன் இருமடங்கையும் தாங்கவேண்டும். முதற்சுவருக்கு முதலில் பெரிலியம் என்றிருந்தார்கள். 2023இல் அதையும் டங்ஸ்டனாக மாற்றுவதாக அறிவித்தார்கள். திட்டத்தில் பங்காளியான இந்தியாவும் காந்திநகர்ப் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் 200 கிலோவாட் இலத்திரன் கற்றையால் இத்தகைய சுவர்த் துண்டுகளைச் சுட்டுப் பார்க்கிறது.

சிக்கல் சுவரின் முதுகில்தான். அங்கே தண்ணீர் ஓடும் செப்புக்குழாய் இருக்கிறது. சூட்டில் செம்பு டங்ஸ்டனைவிட நாலு மடங்கு அளவுக்கு விரியும். ஒட்டிய இடம் கிழியப் பார்க்கும். ஜெர்மனியின் கார்ஹிங்கில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் டங்ஸ்டன் தூளைப் படையாகப் பரப்பி, லேசரால் உருக்கி, வலைப்பின்னலாக அச்சிட்டு, இடுக்குகளில் செம்பை உருக்கி ஊற்றிப் பார்த்தார்கள். கடைச்சல் இயந்திரம் எதனாலும் குடைய முடியாத உருவம் அது. வெறும் கட்டியை அச்சிடுவதில் எனக்குப் பெரிய பயன் தெரியவில்லை. அச்சிடுதலின் மதிப்பு இந்தப் பின்னலில்தான்.

ஆனால் லேசர் உருக்கியதும் கூலிட்ஜின் நாரெல்லாம் போச்சு. உலோகம் பழைய உடையும் குணத்துக்கே திரும்புகிறது. சில நூறு பாகைக்குக் கீழே டங்ஸ்டன் வளையாது. உருகிய கோடு நொடிக்குள் உறைந்து சுருங்கும்போது வெடிப்பு விழுகிறது. மணிகளின் எல்லையில் கொஞ்சம் ஒட்சிசன் ஒதுங்கினால் இன்னும் மோசம். இதற்காகத்தான் சிலர் லேசரை விட்டு இலத்திரன் கற்றைக்கு மாறினார்கள். வேலை வெற்றிடத்தில் நடக்கும். தூள்படுக்கையையே ஆயிரம் பாகை அளவில் வைத்திருக்கலாம். வெடிப்பில்லாத சிக்கலான உருவங்களை இப்படி அச்சிட்டதாக அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2024இல் அறிவித்தது.

அச்சிட்ட துண்டுக்குப் பிறகு வெப்பப் பரீட்சை. பின்னால் தண்ணீர் ஓட, முன்னால் கற்றை சில விநாடி எரியும், அணையும், மீண்டும் எரியும். இப்படி நூற்றுக்கணக்கான தரம். பார்ப்பவருக்கு எரிவது பெரிதாகத் தெரியும். உலோகத்துக்கு அணைவதுதான் கண்டம். முடிந்ததும் துண்டை அறுத்து, மெருகேற்றி, நுணுக்குக்காட்டியில் வெடிப்பைத் தேடுவார்கள்.

இதில் தேறினாலும் நியூத்திரன் பாக்கி. இணைவில் பிறக்கும் நியூத்திரன்கள் டங்ஸ்டனின் ஒரு பகுதியை ரீனியமாகவும் ஒஸ்மியமாகவும் மாற்றி, அதை மேலும் உடையக்கூடியதாக்கும். அந்த வேகத்து நியூத்திரன்களைப் போதிய அளவில் பொழிந்து பொருட்களைச் சோதிக்கவென்றே ஸ்பெயினின் கிரனாடா அருகே ஒரு நிலையம் உருவாகி வருகிறது. அச்சிட்ட துண்டும் ஒருநாள் அங்கே போயாக வேண்டும்.