மஞ்சள் அம்பு காட்டும் வழி



ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் ஒருவர் தன்னந்தனியாகச் சைக்கிளில் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் பின்னால் கூடாரத் துணியும் மாற்றுடையும் கட்டியிருக்கிறார். அந்நாட்டு மொழி அவருக்குத் தெரியாது. ஆயினும் அவர் வழி தவறுவதில்லை. கல்லிலும் மரத்திலும் சுவரிலும் மஞ்சள் நிறத்தில் ஓர் அம்புக்குறி அவருக்கு வழி காட்டுகிறது. அதனைத் தீட்டியவர் யார்? அந்த வரலாற்றை இன்று காண்போம்.

இப்பாதைக்குச் சந்தியாகோ பாதை என்று பெயர். இயேசுநாதரின் சீடரான யாக்கோபின் கல்லறை சந்தியாகோ நகரில் இருக்கிறது என்ற நம்பிக்கை 9-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் அங்கே நடந்தே யாத்திரை போயினர். பிரெனே மலையிலிருந்து பம்ப்லோனா, புர்கோஸ், லெயோன் நகரங்களின் வழியாக ஏறத்தாழ 750 கிலோமீட்டர் தூரம்!

பாதை தானாகத் தோன்றிவிடுமா? 11-ஆம் நூற்றாண்டில் தொமிங்கோ என்றொருவர் இருந்தார். துறவியாக விரும்பிய அவரை மடங்கள் ஏற்கவில்லை என்பர். அவர் மனம் தளரவில்லை. காட்டை வெட்டிச் சாலை அமைத்தார்; ஓஹா ஆற்றுக்குப் பாலம் கட்டினார்; வழிப்போக்கர் தங்கச் சத்திரமும் எழுப்பினார். 1109-இல் அவர் மறைந்தார். அங்கு வளர்ந்த ஊர் சாந்தோ தொமிங்கோ தே லா கல்சாதா என இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கல்சாதா என்றால் கல் பாவிய சாலை என்று பொருள்.

பிற்காலத்தில் கொள்ளைநோயும் சமயப் பிளவும் போர்களும் வந்தன. யாத்திரிகர் கூட்டம் குறைந்தது. பல இடங்களில் பாதை புதர் மண்டி மறைந்தது.

அதற்கு மறுவாழ்வு தந்தவர் ஒரு மலைக் கிராமத்துப் பாதிரியார். ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஓ செப்ரெய்ரோவில் பணியாற்றிய எலியாஸ் வலீஞா என்பவரே அவர். பழைய பாதையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1984-இல் மஞ்சள் சாயத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று அம்புக்குறி இட்டார். சாலைக்குக் கோடு போட்டு மிஞ்சிய சாயம் அது என்பர். என்ன செய்கிறீர் என்று காவலர் கேட்க, பெரியதொரு படையெடுப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் விடை கூறியதாகவும் ஒரு கதை உண்டு.

1985-இல் யாத்திரைச் சான்றிதழ் பெற்றவர்கள் 690 பேரே. பாதிரியார் 1989-இல் காலமானார். பாதையோ வளர்ந்தது. 1993-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2023-இல் சான்றிதழ் பெற்றோர் 440,000-க்கும் அதிகம். நடந்து வருவோர் குறைந்தது 100 கிலோமீட்டரையும், சைக்கிளில் வருவோர் குறைந்தது 200 கிலோமீட்டரையும் கடந்திருக்க வேண்டும் என்பது விதி.

நேயர்களே! ஓ செப்ரெய்ரோ ஏற்றத்தில் மூச்சு வாங்க வண்டியைத் தள்ளிச் செல்பவர், தாம் தனியாகச் செல்வதாக நினைக்கலாம். ஆனால் காட்டை வெட்டியவரும் அம்பு தீட்டியவரும் அவருக்கு முன்னே செல்கின்றனர். சாலையில் நடப்போரை வரலாறு பேசுகிறது. சாலை போட்ட கைகளையும் நாம் நினைவில் வைப்போம்.