இருட்டுக்கும் ஒரு வரலாறு

எஸ்காம், தென்னாப்பிரிக்க அரசின் மின் நிறுவனம், 1923இல் தொடங்கியது. சுரங்க முதலாளிகளுக்கு மலிவு மின்சாரம். பெரும்பாலான கறுப்பர் வீடுகளில் மெழுகுவத்தி. திறன்சார் வேலைகளையும் நிறவெறிச் சட்டங்கள் வெள்ளையருக்கே ஒதுக்கின. ஆக, மின்சாரத்தோடு சேர்த்துத் தொழில் அறிவும் வேலிக்குள் வைக்கப்பட்டது.

1994க்குப் பிறகு இலட்சக்கணக்கான வீடுகளில் விளக்கு எரிந்தது. 2007 வாக்கில் பற்றாக்குறை வருமென்று 1998இலேயே அரசின் வெள்ளை அறிக்கை எச்சரித்தது. அரசோ தனியார் வருவார்கள் என்று காத்திருந்தது. 2004 வரை எஸ்காம் புதிய நிலையம் கட்ட விடவில்லை. கட்டுகிற வேலையே இல்லையென்றால் கட்டத் தெரிந்தவன் எதற்கு உட்கார்ந்திருப்பான்? போயிட்டான். 2008 ஜனவரியில் தங்கச் சுரங்கங்களே நின்றன. பிறகு எழுப்பிய மெடூபி, குசிலே நிலையங்கள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ஊழல் மிச்சத்தைத் தின்றது. 2022 ஜூலையில், எஸ்காமின் முன்னாள் பொறியாளர்களைத் திரும்பச் சேர்க்கப்போவதாக ஜனாதிபதி ரமபோசா அறிவித்தார்.

'வெள்ளைக்காரன் போனான், வெளிச்சமும் போச்சு' என்பவர்கள் உண்டு. அது நிறவெறியின் மிச்சக் கணக்கு. கொதிகலனின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிற காது, பழகியவர் பக்கத்தில் பல வருஷம் நின்றால்தான் வரும். அப்படி நிற்பதை முதலில் நிறவெறி தடுத்தது. பிறகு, சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை தடுத்தது.