26 வயதில் முடிந்த ஒரு சங்கீதக் கணக்கு - அண்ணாமலை ரெட்டியார்

கர்நாடக சங்கீதம் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது திருவையாறும் காவிரிக் கரையும்தான். தென்காசி, குற்றாலம் என்றால் அருவி, சாரல், புரோட்டா! ஆனால் கச்சேரி முடியும் நேரத்தில் வித்வான் ஒரு காவடிச் சிந்து எடுத்தால், சபையே தொடையில் தாளம் போடுகிறதே... அந்தப் பாட்டு பிறந்தது குற்றாலச் சாரல் எட்டும் தூரத்தில்தான். அதை இயற்றியவர் அண்ணாமலை ரெட்டியார். வாழ்ந்தது 26 வருடம் மட்டுமே.

சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் சென்னிகுளம் அவருடைய ஊர். 2019 வரை நெல்லை மாவட்டம், இப்போது தென்காசி மாவட்டம். 1865-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே பாட்டுக் கட்டும் திறமை இருந்தது. திருவாவடுதுறை ஆதீனத்துக்குப் போய் மேலகரம் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் தங்கினார். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் உ.வே.சாமிநாதையர்! யமகம், திரிபு, அந்தாதி என்று பண்டிதர்கள் மெச்சும் கடினமான தமிழெல்லாம் அவருக்குக் கைவந்தது.

படிப்பு முடிந்தது, பிழைப்பு? அந்தக் காலத்துப் புலவருக்கு மடம் அல்லது ஜமீன், இரண்டில் ஒன்றுதான் கதி. ரெட்டியாருக்குக் கிடைத்தவர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர். தமிழ் ரசிகர். அவருடைய அரண்மனை இருந்தது வீரகேரளம்புதூரில். குற்றாலத்தில் பிறந்து தென்காசி வழியாக ஓடிவரும் சிற்றாறு இந்த ஊரையும் தொட்டுக்கொண்டுதான் தாமிரபரணியில் சேர்கிறது.

ஜமீன்தார் முருக பக்தர். கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனார். போகும் வழியில் பாடுவதற்காக ரெட்டியார் கட்டிய பாட்டுகள்தான் காவடிச் சிந்து என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. காவடிப் பாட்டு ரெட்டியார் கண்டுபிடித்தது இல்லை. பெயர் தெரியாத எத்தனையோ பேர் அதற்கு முன்பே பாடி ஆடியிருக்கிறார்கள். தோளில் காவடி, காலில் வெயில் சூடு, முன்னால் மேளம். இப்படி நடப்பவனுக்கு நீளமான ஆலாபனை உதவாது. காலடிக்கு ஒரு தட்டு விழ வேண்டும், மூச்சு வாங்க இடம் வேண்டும், அடுத்த அடி தானாக நாக்கில் வர வேண்டும். ரெட்டியார் அந்தத் துள்ளலை அப்படியே வைத்துக்கொண்டார். மடத்தில் படித்த எதுகை, மோனை, இயைபு எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றினார். கழுகுமலையின் கோயில், தெரு, தேர் எல்லாம் பாட்டில் வரும். முருகன்மேல் காதல் கொண்ட பெண் தோழியிடம் புலம்புவதும் வரும். படிக்காதவனுக்கு ஆட்டம், படித்தவனுக்கு இலக்கியம்!

இன்னொரு அழகும் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் தன் கீர்த்தனைகளில் 'குருகுஹ' என்று முத்திரை வைப்பார். (அவர் 1835-ல் காலமானது கழுகுமலைக்குப் பக்கத்து எட்டயபுரத்தில்தான்.) ரெட்டியாரோ தன் பெயரோடு சென்னிகுளத்தையும் சேர்த்தே பாட்டில் வைத்தார். அதனால்தான் ஒரு சின்னக் கரிசல் கிராமத்தின் பெயர் சென்னை சபாக்களில் இன்றும் ஒலிக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு இது புதிதும் அல்ல. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் மேலகரத்தில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயரும் இதையேதான் செய்தார். குறி சொல்லும் குறத்தியின் பாட்டை எடுத்துக் குற்றாலக் குறவஞ்சியாக்கினார். அவர் எழுதிய தலபுராணத்தை இன்று படிப்பவர்கள் எத்தனை பேர்? குறவஞ்சியோ மேடையில் ஆடப்படுகிறது.

ரெட்டியார் கதையும் அப்படியே. வீரைத் தலபுராணம், சங்கரநாராயணர் கோயில் திரிபந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று நிறைய எழுதினார். அவற்றையெல்லாம் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருபது சொச்சம் சிந்துப் பாட்டுகள்தான் அவரைக் காப்பாற்றின. அடுத்த தலைமுறையில் எட்டயபுரத்து பாரதி சிந்து மெட்டுகளில் பாடியபோது, பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

1891-ல் ரெட்டியார் இறந்துபோனார். இத்தாலியின் பெர்கொலேசியும் 1736-ல் இதே 26 வயதில்தான் இறந்தார். ஐரோப்பா அவரைக் கொண்டாடித் தீர்க்கிறது. சிந்து பாடும் நம்மில் எத்தனை பேருக்கு ரெட்டியார் பெயர் தெரியும்?

1948-ல் வந்த சட்டத்தோடு ஜமீன்கள் ஒழிந்தன. ஆதரித்தவரின் அதிகாரம் போய்விட்டது, பாடியவரின் பாட்டு நிற்கிறது. அடுத்த முறை தைப்பூசத்திலோ பங்குனி உத்திரத்திலோ காவடி எதிரே வந்தால், மேளத்தோடு வரும் பாட்டையும் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவேளை அதில் சென்னிகுளம் என்று காதில் விழலாம்!