கேடயம் தாங்கும் புலிகள்



நம் நாட்டுக் கடப்பிதழின் மேலட்டையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு கேடயம். அதன் இருபுறமும் பின்னங்கால்களில் நின்று அதைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு புலிகள். அரசாங்க அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தின் தலைப்பிலும் அதே புலிகள்தாம். இதுவே மலேசியாவின் அரசுச் சின்னமாகிய ஜாத்தா நெகாரா. கேடயத்திற்குள் பினாங்கைக் குறிக்க ஒரு பாக்குமரமும் பினாங்குப் பாலமும் வரையப்பட்டிருக்கின்றன. 'பினாங்' என்ற மலாய்ச் சொல்லுக்குப் பாக்கு என்பது பொருள். ஆகவே மரம் வந்த காரணம் எளிதில் விளங்கும். புலி வந்த காரணம் என்ன? அது ஒரு நீண்ட வரலாறு. அதில் தோட்டத்தில் உழைத்த நம் முன்னோர்க்கும் பங்கு உண்டு.

உலக நாடுகள் விலங்குகளையும் பறவைகளையும் சின்னமாகக் கொள்வதற்குப் பல காரணங்கள் உள்ளன. ஆஸ்திரேலியா தன் மண்ணுக்கே உரிய கங்காருவையும் ஈமு பறவையையும் அரசுச் சின்னத்தில் வைத்தது. இந்தியா 1963-இல் மயிலைத் தேசியப் பறவையாக ஏற்றது. இலங்கையின் கொடியில் சிங்கம் வாளேந்தி நிற்கிறது. ஆனால் இலங்கைக் காடுகளில் இன்று சிங்கம் இல்லை. அங்கே அது பழங்கதையிலிருந்து வந்த சின்னம். வீரம், அழகு, பழம்பெருமை என்று காரணங்கள் வேறுபடலாம். எனினும் சின்னத்தின் வேலை ஒன்றுதான். 'இது எங்கள் சொல், இதற்கு நாங்கள் பொறுப்பு' என்று அரசு போடும் முத்திரை அது.

முத்திரை என்றதும் சோழர் நினைவுக்கு வருகிறார்கள். சேரருக்கு வில், பாண்டியருக்கு மீன், சோழருக்குப் புலி என்று நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படித்திருப்பார்கள். இன்றைய கெடா மாநிலப் பகுதியை அக்காலத் தமிழர் கடாரம் என்றார்கள். கடாரத்து மன்னர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்பியபோது, முதலாம் இராசராச சோழர் சுமார் 1006-ஆம் ஆண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு வழங்கினார். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேட்டின் வளையத்தில் சோழரின் புலி முத்திரை இருக்கிறது. பிற்காலத்தில் ஐரோப்பாவின் லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதால் அதை லெய்டன் செப்பேடு என்பார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, 1025 வாக்கில், இராசேந்திர சோழரின் கப்பற்படை அதே கடாரத்தின்மீது படையெடுத்தது. கொடுத்த வாக்கைக் காக்கும் முத்திரையாகவும் புலி இருந்தது. போருக்குப் போகும் கொடியிலும் புலி இருந்தது.

இனிப் பல நூற்றாண்டுகள் தாண்டி வருவோம். கெடாவைச் சேர்ந்திருந்த பினாங்குத் தீவில் 1786-இல் ஆங்கிலேயர் குடியேறினர். பின்னர் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களும் 1895-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஒரே கூட்டாட்சியாயின. அந்தக் கூட்டாட்சியின் கொடி நடுவில் பாயும் புலி இடம்பெற்றது. அஞ்சல் தலையிலும் புலியே பாய்ந்தது. மலாய்க் கிராமத்தார் காட்டில் புலியின் பெயரைச் சொல்லாமல் 'பாக் பெலாங்', அதாவது 'வரிகளுடைய பெரியவர்' என்று மரியாதையாகக் குறிப்பிடுவது வழக்கம். அந்த மரியாதைக்குரிய விலங்கையே புதிய ஆட்சியும் அடையாளமாக எடுத்துக்கொண்டது.

நிபோங் திபால் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கிரியான் ஆற்றுக்கு இப்பால் இருந்த தோட்டங்கள் நீரிணைக் குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டவை. இங்கிருந்து ஊருக்குப் போன கடிதத்தில் ஆங்கிலேய மன்னரின் தலை இருந்தது. ஆற்றுக்கு அப்பால் பாரிட் புந்தாரில், பேராக் மண்ணில், அஞ்சல் பெட்டியில் போட்ட கடிதத்தில் புலி இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய தமிழர்கள் இரு கரையிலும் உழைத்தார்கள்.

இங்கேதான் வரலாற்றின் ஒரு முரண்பாடு தலைகாட்டுகிறது. அஞ்சல் தலையில் புலியை அச்சிட்ட அதே ஆட்சிக் காலத்தில், புலியைக் கொன்றவருக்கு அரசாங்கம் வெகுமதி கொடுத்தது. முதலில் கரும்பும் காப்பியும், பிறகு ரப்பரும் நடுவதற்காகக் காடு அழிக்கப்பட்டது. மரத்தை வெட்டிச் சாய்த்துக் கொளுத்தியவர்களும், அந்த மண்ணில் பால்மரம் நட்டவர்களும் கூலியாட்கள். புலிக்கு இரை குறைந்தது. அது தோட்டத்து மாட்டைத் தேடி வந்தது. விடியுமுன் பால்வெட்டப் போனவர்களுக்குப் புலி என்றால் அச்சம். இதில் தொழிலாளியைக் குறை சொல்ல முடியாது. காட்டை அழிக்கும் முடிவை எடுத்தவர் அவரல்லர். ஆபத்தை மட்டும் அவர் சுமந்தார்.

1952-இல் மலாயாக் கூட்டமைப்புக்குப் புதிய சின்னம் வழங்கப்பட்டபோது புலிகள் கேடயம் தாங்கும் இடத்தில் நின்றன. 1957-இல் சுதந்திரம் வந்தது. 1963-இல் மலேசியா உருவானது. கேடயத்தின் உட்பகுதி மாறியது, புலிகள் மாறவில்லை. ஆனால் காட்டில் நடந்தது வேறு. 1950-களில் தீபகற்பத்தில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 1976-இல்தான் புலிக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்தது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவான புலிகளே எஞ்சியிருப்பதாகத் தெரிந்தது.

சின்னத்தில் மட்டும் வாழ்ந்து காட்டில் இல்லாமற்போவது நடக்கக்கூடியதா? நடந்திருக்கிறது, நேயர்களே. நம்மைப்போலவே தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைத்த மொரீசியஸ் தீவின் சின்னத்தைப் பாருங்கள். கேடயத்தின் ஒரு பக்கம் மான், மறுபக்கம் டோடோ என்னும் பறக்கத் தெரியாத பறவை. அந்தச் சின்னம் வழங்கப்பட்டது 1906-இல். டோடோவோ பதினேழாம் நூற்றாண்டிலேயே அடியோடு அழிந்துவிட்டது. இல்லாத பறவை அங்கே கேடயத்தைத் தாங்கி நிற்கிறது.

மீட்டவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கா 1782 முதல் தன் முத்திரையில் வெண்தலைக் கழுகை வைத்திருக்கிறது. டி.டி.டி. பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, 1963-இல் அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக 417 இணைகளே கூடு கட்டின. 1972-இல் அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. கழுகு பெருகியது, 2007-இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இந்தியா சிங்கத்துக்குப் பதிலாகப் புலியைத் தேசிய விலங்காக்கி, 1973-இல் புலிகள் காப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இடையில் சரிவு ஏற்பட்டு 2006-இல் 1,411 என்றானது. விடாமுயற்சியால் 2022-இல் ஏறத்தாழ 3,682 என உயர்ந்தது.

நம் நாட்டுப் புலிக்கு இன்று பெரிய பகை கம்பிக் கண்ணி. காட்டுப்பன்றிக்கோ மானுக்கோ வைத்த கண்ணியிலும் புலி மாட்டிக்கொள்ளும். தோலுக்கும் எலும்புக்கும் கள்ளச் சந்தை இருப்பதால், புலிக்கென்றே கண்ணி வைப்பவர்களும் உண்டு. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணியைக் குற்றமாக்கியது. 2022-இல் அது திருத்தப்பட்டு, உச்சத் தண்டனை பத்து லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டுச் சிறை என்ற அளவுக்கு உயர்ந்தது.

சட்டம் அதிகாரிகள் கையில் இருக்கிறது. ஆனால் காட்டோரத்தில் கம்பி கட்டியிருப்பதை முதலில் காண்பவர் பெரும்பாலும் அங்கே வேலை செய்பவர்தாம். கண்டால் வனவிலங்குத் துறையாகிய பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள். காட்டிறைச்சி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். புலியெலும்பு, புலிநகம், புலிப்பல் ஆகியவற்றில் மருந்தும் இல்லை, காப்பும் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

ஆனைமங்கலத்துச் செப்பேட்டில் புலி முத்திரை ஒரு வாக்கைக் காப்பதற்காகக் குத்தப்பட்டது. ஜாத்தா நெகாராவின் புலிகளும் ஒரு வாக்குத்தான். அந்த வாக்கு யாருடையது என்று பிள்ளைகள் கேட்டால், இந்த மண்ணில் வாழும் எல்லாருடையதும் என்று சொல்லுங்கள். அதில் நம்முடையதும் உண்டு.