சமையலறையைப் புதுப்பிக்கும் முன்: வண்ணம், மேடை, அனுமதி

தீபாவளிக்கு முன் சமையலறையைப் புதுப்பிப்பது நம் தாமான் வீடுகள் பலவற்றில் வழக்கம். வண்ண அட்டையைப் புரட்டும் முன், அன்றாடம் அடுப்படியில் நிற்பவரிடம் முதலில் கேளுங்கள். பணம் கொடுப்பவர் ஒருவராகவும் சமைப்பவர் இன்னொருவராகவும் இருக்கலாம்.

வண்ணம்: மஞ்சள் கறை வெள்ளைப் பரப்பில் பளிச்செனத் தெரியும். அடுப்புக்குப் பின்சுவரில் பெரிய டைல்ஸ் பதித்தால் இடைக்கோடுகள் குறையும். சம்பல் வதக்கும்போது தெறிக்கும் எண்ணெயைத் துடைப்பது எளிது. பிடித்த அடர்நிறத்தை ஒரு சுவருக்குப் பூசலாம். சலித்துப்போனால் சாயத்தை மாற்றுவது மலிவு. டைல்ஸை மாற்றுவது அப்படியல்ல.

மேடை: பளிங்கில் புளியோ எலுமிச்சையோ பட்டால் பளபளப்பு மங்கும். குவார்ட்ஸில் பிசின் கலந்திருப்பதால் கொதிக்கும் சட்டியை நேராக வைக்கக்கூடாது. கிரானைட் இரண்டையும் நன்றாகத் தாங்கும். மேடை, சமைப்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால் தோள் வலிக்காது.

கபினெட்: மரத்தூள் பலகை நீர் பட்டால் ஊதிவிடும். சிங்க் அடியில் அலுமினியம் நல்லது, கரையான் அரிக்காது.

அனுமதி: தீபகற்ப மலேசியாவில் பின்பக்கம் இழுத்துக் கட்டுவதானால், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்ற அனுமதி தேவை. மின்கம்பி வேலையைப் பதிவுபெற்றவரிடமே கொடுங்கள். குத்தகையாளருக்கு முழுத் தொகையையும் முன்பணமாகத் தராதீர்கள். எந்த வேலை முடிந்தால் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

அம்மிக்கும் கிரைண்டருக்கும் வரைபடத்திலேயே இடம் குறித்துவிடுங்கள். கபினெட் பொருத்திய பிறகு தேடினால் இடம் கிடைக்காது.